பெரட்டுக் களத்தில் தொடங்கிய அரசியல்: போருக்குப் பின் பேராக் தோட்டத்து இளைஞர்கள்

1947 பிப்ரவரி இறுதியில், பிரிட்டிஷ் பேரரசுக்கு உட்பட்ட நாடுகளின் பொதுவுடைமைக் கட்சிகள் லண்டனில் மாநாடு கூட்டின. மலாயாவிலிருந்து மூன்று பேர் போயிருந்தார்கள்: ரஷீத் மைதீன், வூ தியன் வாங், ஆர்.ஜி. பாலன். ரஷீத், பேராக்கின் கோப்பேங் பகுதியைச் சேர்ந்தவர். பாலன், அதே மாநிலத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிவந்த தமிழர்.

அவர்கள் போய் இறங்கிய பிரிட்டன் கடும் பனியிலும் நிலக்கரித் தட்டுப்பாட்டிலும் சிக்கியிருந்தது. ஆனாலும் தொழிலாளிக்கு அது நம்பிக்கையின் காலம். 1945 ஜூலையில் கிளெமென்ட் அட்லியின் தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிப்போட்டிருந்த 1927ஆம் ஆண்டுச் சட்டம் 1946இல் நீக்கப்பட்டது. 1947 ஜனவரி 1 அன்று நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. பதினோரு வயதில் பள்ளியை விட்டுக் கூலி வேலைக்குப் போன எர்னஸ்ட் பெவின் வெளியுறவு அமைச்சர். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கி, இருபதை எட்டும் முன்பே சுரங்கத் தொழிலாளர் கிளைக்குத் தலைமை தாங்கிய அன்யூரின் பெவன் சுகாதார அமைச்சர். சின்ன வயதில் வேலை, வேலையிடத்தில் சங்கம், சங்கத்திலிருந்து கட்சி, கட்சியிலிருந்து நாடாளுமன்றம் என்று ஒரு தொழிலாளி படிப்படியாக ஏறிப்போக அங்கே ஏணி இருந்தது.

அதே ஆண்டுகளில், அதே அரசின் ஆளுகைக்கு உட்பட்ட பேராக்கில், அதே ஏணியின் முதல் படியில் கால்வைத்த தமிழ் இளைஞர்கள் பலர். மூன்றே ஆண்டுகளில் அந்த ஏணி அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 1948இல் நடந்ததைக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் நடந்த போர் என்று மட்டும் சொல்லி முடிப்பது வழக்கம். அதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. வேலை செய்யுமிடத்தில் பேசக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அந்த வாய்ப்பை இழந்த கதை அது. தோட்டச் சமூகத்தைப் பொறுத்தவரை நீண்ட விளைவுகளை விட்டுச் சென்றது இந்த இழப்புதான்.

வேலை கற்றுக்கொடுத்தது

இந்தியாவிலிருந்து உதவிப் பணம் கொடுத்துத் தொழிலாளரை அழைத்துவருவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. ஆகவே 1945இல் இருபது வயதை ஒட்டியிருந்த தோட்டத்து இளைஞர்களில் பலர் தோட்டத்திலேயே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். பெற்றோருக்கு ஊர் திரும்பும் கனவு இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர் தோட்டம்தான்.

அவர்களுடைய நாள் விடியலுக்கு முன்பே பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், தொடங்கியது. இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும். எழுத்தரான கிராணி பெயர் வாசிப்பார், மேற்பார்வையாளரான தண்டல் நிரை, அதாவது மர வரிசை, பிரித்துக் கொடுப்பார். பெயருக்கு நேரே விழும் ஒரு குறிதான் அன்றைய கூலிக்கு ஆதாரம். தாமதமாக வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இந்த அவசரத்துக்குக் காரணம் மரத்தில் இருக்கிறது. இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நீரேறி விறைத்திருக்கும், வெயில் ஏறினால் அந்த அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே விடியற்காலையிலேயே வெட்டி முடிக்க வேண்டும். உளியை எடுத்து, முந்தைய வெட்டின் மேல் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து, சாய்கோட்டில் ஒரு மெல்லிய சீவல் பட்டையை மட்டும் எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் உளி தண்டைத் தொட்டுவிடும், அந்த இடம் மேடுபள்ளமாக ஆறி அடுத்த முறை வெட்ட உதவாது. இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். பிறகு வந்த வழியே திரும்பி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்ற தோள்தடியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை. பல குடும்பங்களில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே பெரட்டில் நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்கினார்கள், புல் பிடுங்கினார்கள்.

இந்த வேலையில் ஒரு இளைஞன் மரத்தைத் தெரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. நிறுவையில் எவ்வளவு குறைகிறது, யாருக்கு நல்ல நிரை கிடைக்கிறது, தண்டலுக்கு வேண்டாதவன் எந்த மேட்டுக்கு அனுப்பப்படுகிறான், ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு ஏன் சம்பளம் குறைவு என்பதையெல்லாம் அவன் கண்ணால் பார்த்தான். சங்கம் பின்னால் எழுப்பிய கோரிக்கைகள் அத்தனையும் இங்கே தினமும் பார்த்த காட்சிகள்தான்.

கோரிக்கைகள் பணத்தோடு நின்றதும் இல்லை. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற தோட்ட வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்கப்பட்டவற்றைப் பாருங்கள்: வெள்ளைக்கார மேலாளரான துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி. ராணுவம் வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியல் அழியவில்லை. மனிதனாக நடத்து என்பதும் கூலியை உயர்த்து என்பதும் அதில் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருந்தன.

போர் கலைத்துப்போட்ட ஒழுங்கு

1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு, துரைமார் என்றும் அசைக்க முடியாதவர்கள் என்ற எண்ணத்தைச் சில வாரங்களில் தகர்த்தது. பிறகு வந்தவை துயரமான ஆண்டுகள். சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள், பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. இருக்கிற மரத்தை வெட்டி, மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தவை பல குடும்பங்கள்.

அதே காலத்தில் இந்திய தேசிய ராணுவமும் ஜான்சி ராணி படையும் தோட்டத்து இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் சீருடை கொடுத்தன. ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது, கணக்கு வைப்பது, அறிக்கை எழுதுவது, மேடையேறிப் பேசுவது ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. காட்டில் ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் எதிர்ப்புப் படையோடு இணைந்தவர்களும் உண்டு. எதிரெதிர்த் திசைகளில் போன இந்த இரண்டு கூட்டத்தாரும் 1945க்குப் பிறகு ஒரே சங்கக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். பின்னாளில் மலாயா முழுமைக்குமான தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தின் தம்பிக்கோட்டையில் பிறந்து சிறுவயதில் கடல் கடந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றியவர். ஜான்சி ராணி படையில் இளம் பெண்ணாகச் சேர்ந்த ராசம்மா பூபாலன், பின்னர் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களைச் சங்கமாகத் திரட்டிச் சம ஊதியத்துக்குப் போராடினார்.

அதற்கு முன்பே விதை தூவப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு சிங்கப்பூரில் தொடங்கியது. சுயமரியாதை, சாதி மறுப்பு, கள்ளொழிப்பு ஆகிய பேச்சுகள் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் நுழைந்திருந்தன.

மூன்று ஆண்டு காலம்

பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அரிசி இல்லை, கூலி பழைய கணக்கில் இருந்தது, விலைவாசி எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. 1945 அக்டோபரில் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா ஆகிய ஊர்களில் உணவு கேட்டுக் கூடியவர்கள்மீது ராணுவம் சுட்டது. போருக்குப் பிந்தைய பேராக்கின் தொழிலாளர் வரலாறு அந்த உயிரிழப்புகளோடு தொடங்குகிறது.

அந்த ஆண்டின் இறுதியில் லண்டனிலிருந்து ஒரு தொழிற்சங்க ஆலோசகர் வந்தார். பெயர் ஜான் பிரேசியர், பிரிட்டிஷ் ரயில்வேத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். சங்கங்களைப் பதிவுசெய்வது, கணக்கு எழுதுவது, பேச்சுவார்த்தை நடத்துவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுப்பது அவர் பணி. தொழிற்சங்கம் கூலியைப் பேசட்டும், அரசியலைத் தொட வேண்டாம் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கருத்து. ஆனால் பிரிட்டனில் ஆட்சி செய்த கட்சியையே உருவாக்கி வளர்த்தவை தொழிற்சங்கங்கள். உள்நாட்டில் தொழிலாளியின் பெருமையாகக் கருதப்பட்ட ஒன்று, குடியேற்ற நாட்டில் தொழிலாளியின் குற்றமாகக் கருதப்பட்டது.

தோட்டத்தில் கூலியையும் அரசியலையும் பிரிக்கவும் வழி இல்லை. வீடு நிர்வாகத்துடையது, பள்ளி நிர்வாகத்துடையது, ஆயாக் கொட்டகையும் மருத்துவமும் கள்ளுக்கடையும் நிர்வாகத்தின் கையில். வேலை போனால் அன்றே லயத்தைக் காலி செய்ய வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் கூலியைப் பற்றி வாய் திறப்பதே ஆட்சியைப் பற்றி வாய் திறப்பதாகிறது.

இளைஞர்கள் இரண்டு வழிகளில் திரண்டார்கள். ஒன்று, சங்கக் கிளைகள். மற்றொன்று, தொண்டர் படை போன்ற சீர்திருத்த அமைப்புகள். கெடாவின் பீடோங் பகுதியில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படையினர் 1947இல் கள்ளுக்கடைகளை மறித்தபோது போலீஸ் தலையிட்டு உயிர்ப்பலி ஏற்பட்டது. கள்ளு தோட்டத்தின் கூலியைத் தோட்டத்துக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடு என்பதை அந்த இளைஞர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

1947 அக்டோபர் 20 அன்று, புதிய கூட்டரசு அமைப்புத் திட்டத்தை எதிர்த்து மலாயா முழுவதும் ஹர்த்தால் நடந்தது. 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் திவி, பேராக்கின் கோலகங்சாரில் பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்தவர். அந்தக் காங்கிரசும் தொழிற்சங்கங்களும் மலாய் இடதுசாரி அமைப்புகளும் ஒரே அணியில் நின்ற அரிய தருணம் அந்த ஹர்த்தால். தோட்டத்துத் தமிழ் இளைஞனும் ஈயச் சுரங்கத்துச் சீன இளைஞனும் மலாய் இளைஞனும் ஒரே கோரிக்கையைப் பேசினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையும் அந்த ஆண்டு இளைஞர் கைக்கு வந்தது. பேராக்கின் சித்தியவானைச் சேர்ந்த சின் பெங் அதன் பொதுச் செயலாளரானபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

ஒரு விதியின் கூர்மை

1948 மே மாத இறுதியில், லண்டன் மாநாட்டுக்குப் போயிருந்த பாலன் கைதானார். ஜூன் மாத நடுவில் தொழிற்சங்கச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒரே வகைத் தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாக இணையலாம். சங்கப் பொறுப்பாளர் ஆக வேண்டுமென்றால் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். முதல் விதியால் மலாயா தொழிற்சங்க சம்மேளனம் பதிவை இழந்தது. வரலாற்று நூல்கள் அதைப் பற்றி நிறையப் பேசுகின்றன. என் பார்வையில் இளைஞர்களை ஆழமாக வெட்டியது இரண்டாவது விதி.

மேலோட்டமாக அது நியாயமாகவே தெரிகிறது. தொழில் தெரிந்தவர்தானே தொழிலாளிக்காகப் பேச வேண்டும்? ஆனால் 1948இல் இருபத்தொரு வயதான ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவன் வேலைக்கு வரும் வயதில் ஜப்பானியர் ஆட்சி, தோட்டங்கள் முடங்கிய காலம். ரயில் பாதையிலோ படையிலோ மரவள்ளிக் காட்டிலோ அந்த ஆண்டுகள் கழிந்தன. தோட்டம் மீண்டும் ஒழுங்காக இயங்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை. கூட்ட நடவடிக்கையை எழுதவும் ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கவும் தெரிந்தவர்கள் தோட்டத்தில் குறைவு, ஆகவே பள்ளி ஆசிரியர், பழைய படைவீரர், நகரத்துப் படித்த இளைஞர் ஆகியோர் சங்கங்களுக்குத் துணையாக வந்திருந்தார்கள். விதி அவர்களையும் வெளியேற்றியது. எஞ்சிய தகுதியாளர்களில் நீண்ட சேவை கொண்ட தண்டல்களும் கிராணிகளும் இருந்தார்கள். யாரை எதிர்த்துச் சங்கம் கட்டப்பட்டதோ அவர்கள் தகுதி பெற்றார்கள், கட்டியவர்கள் தகுதி இழந்தார்கள்.

ஜூன் 16உம் அதற்குப் பிறகும்

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். உதவி மேலாளரான கிறிஸ்டியனுக்கு வயது 21. வேலை வாழ்க்கையின் தொடக்கத்திலேயே, பிறந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், அந்தச் சின்னத் துரையின் உயிர் போயிற்று. அந்தக் கொலைகளைத் தொழிலாளர் உரிமையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. தோட்டத்து மக்களுக்கும் அவை தீங்கையே கொண்டுவந்தன. அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், ஜூன் 18 அன்று கூட்டரசு முழுமைக்கும் பரவியது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 5 அன்று, பிரிட்டனில் அன்யூரின் பெவன் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்தார். ஒரே அரசின் ஒரே கோடைக்காலம் இது.

இதற்குப் பின்னால் பொருளாதாரக் கணக்கும் இருந்தது. போரால் கடனாளியான பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்கு விற்று டாலர் ஈட்டிக் கொடுத்தன. பிரிட்டிஷ் தொழிலாளியின் நலத்திட்டங்களைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று பேராக் தோட்டத்துப் பெரட்டு. அந்தத் தோட்டங்களைக் காவல் காக்க, கட்டாய ராணுவ சேவையில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிரிட்டிஷ் இளைஞர்கள் கப்பலேறினார்கள். பலருக்கு அதுவே வாழ்வின் முதல் வேலை.

தோட்டத்தில் இருந்தவர்களின் அன்றாடம் மாறிப்போனது. லயங்களைச் சுற்றி முள்வேலி. ஊரடங்கு முடிந்த பிறகே வெட்டுக்குப் போகலாம். நேரம் தள்ளிப்போனால் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். கெரில்லாக்களுக்கு உணவு போய்விடும் என்று, பல இடங்களில் காட்டுக்குச் சோறு எடுத்துப்போகவே தடை. ஒரு பக்கம் காட்டிலிருந்து வருபவர்களின் மிரட்டல், மறுபக்கம் சந்தேகத்தின் பேரில் கைது. சங்கத்தில் சந்தா கட்டியது, கூட்டத்துக்குப் போனது, மேடையில் நின்றது எல்லாம் மறைக்க வேண்டிய இரகசியங்கள் ஆயின. 1947 இறுதியில் 2 லட்சத்தை நெருங்கியிருந்த மலாயாவின் பதிவுபெற்ற சங்க உறுப்பினர் எண்ணிக்கை, 1949இல் 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

1949 மார்ச் மாதம் ரவாங் அருகே துப்பாக்கியுடன் பிடிபட்ட கணபதி, நேருவின் அரசு வேண்டுகோள் விடுத்தும், மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பாலன் பல ஆண்டுகள் தடுப்புக் காவலில் இருந்தார். காவலில் இருக்கும்போதே கம்யூனிஸ்ட் கட்சி அவரைத் துணைத் தலைவராக அறிவித்தது.

எஞ்சியவர்கள் போன பாதைகள்

அரசியல் நின்றுவிடவில்லை, இடம் மாறியது. 1954இல், பேராக் உட்படப் பல வட்டாரங்களின் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். அது நாட்டின் பெரிய தொழிற்சங்கமாக வளர்ந்து கூலி ஒப்பந்தங்களைப் பெற்றுத்தந்தது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது சரியல்ல. ஆனால் பேச்சுவார்த்தை தோட்டத்தை விட்டுத் தலைமையகத்துக்குப் போயிற்று. பெரட்டில் நின்ற இளைஞன் சங்கத்தின் உறுப்பினனாக இருந்தான், அதன் குரலாக இருக்கவில்லை.

ஈப்போவில் அரசியல் நீதிமன்றத்துக்கும் நகராட்சிக்கும் நகர்ந்தது. 1953இல் பேராக் முற்போக்குக் கட்சி தொடங்கியது, பின்னர் அது மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. வழக்கறிஞர்களான எஸ்.பி. சீனிவாசகம், டி.ஆர். சீனிவாசகம் சகோதரர்கள் அதை வளர்த்தார்கள். 1957 இடைத்தேர்தலில் வென்ற டி.ஆர்., 1969இல் இறக்கும்வரை ஈப்போ மக்களின் பிரதிநிதியாக இருந்தார், ஏழைகளின் வழக்கறிஞர் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளியின் சிறுசேமிப்பால் தோட்டங்களை வாங்கினார். பயனுள்ள பணிகள். ஆயினும் அனைத்திலும் தோட்டத் தொழிலாளிக்காக இன்னொருவர் பேசினார்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் தாமான்களுக்கும் போயின. அந்த வட்டாரத்தில் தோட்ட மக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த மருத்துவர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ், 2008 தேர்தலில், 1974 முதல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ச. சாமிவேலுவை 1,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றிக்கு உழைத்தவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். 2011 ஜூனில் மலேசிய சோசலிசக் கட்சியினர் முப்பது பேர் கைதானபோது, அவர்களிடம் இருந்த டி-சட்டைகளில் சின் பெங், ரஷீத் மைதீன், சூரியானி அப்துல்லா ஆகிய கம்யூனிஸ்ட் தலைவர்களின் படங்கள் இருந்தது குற்றச்சாட்டின் ஒரு பகுதியாயிற்று. ஜெயகுமார் உள்ளிட்ட ஆறு பேர் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்தும் 1948இன் அச்சம் அரசின் கைகளில் பயன்படும் கருவியாகவே இருந்தது.

எதை நினைவில் வைப்பது

இந்தத் தலைமுறையைக் கம்யூனிஸ்டு, தியாகி, பயங்கரவாதி என்ற மூன்று பெயர்களுக்குள் அடைத்துவிட்டால், பெரும்பாலோர் அந்த மூன்றிலும் சேர மாட்டார்கள். நிறுவை சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டவன், தங்கையின் சம்பளம் ஏன் குறைவு என்று கேட்டவன், சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவன், கிளைக் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்ட பெண் ஆகியோர்தான் இந்த வரலாற்றின் பெரும்பகுதி. அவர்கள் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததை எழுதிவைப்பதும், தமிழ்ப்பள்ளிகள் தங்கள் தோட்டத்தின் வரலாற்றைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதும் இன்றே தொடங்க வேண்டிய வேலைகள்.

அந்த மூன்று ஆண்டுகள் நமக்கு ஒரு அளவுகோலையும் தருகின்றன. ஒரு நாட்டின் ஜனநாயகத்தை அளக்க அதன் தேர்தல்களை மட்டும் பார்த்தால் போதாது. வேலைக்குச் சேர்ந்த இருபது வயதுத் தொழிலாளி, வேலையையும் வீட்டையும் இழக்காமல், தன் உடன்வேலையாளுக்காக நிர்வாகத்தின் முன் எழுந்து பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 1946இல் பிரிட்டிஷ் சுரங்கத்தில் அது முடிந்தது. 1948இல் பேராக் தோட்டத்தில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. இன்று அதே மண்ணில் செம்பனை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும், ஈப்போ தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் அது முடிகிறதா என்று கேட்பதுதான், பெரட்டில் நின்று பேசக் கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறைக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான மரியாதை.